“உமக்கு ஏன்?”

எமதூர்ப் பிரதேச சபையில், ஒழுங்கை திருத்திய செலவுக் கணக்கைக் கேட்டுச் சென்ற முதியவர் ஒருவரிடம், “இது உமக்கு ஏன்?” என்றனர். அவ்வாறு கேட்பதற்கு அவர்களுக்கு யாதோர் உரிமையும் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி, தகவல் கோருபவர் காரணங் கூற வேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகவே கேட்கலாம். அதனை எழுத்தில் வடிப்பது தகவல் அலுவலரின் கடமை. தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுள் தீர்மானித்தல் வேண்டும். உள்ளூராட்சி மன்றங்களும் இச்சட்டத்துள் அடங்குவனவே.

அங்ஙனமிருக்க, சோலைவரி செலுத்துபவரைக் குற்றவாளிபோல் நோக்குவது எந்த நியாயம்? “சிறிய சபைக்கு இத்துணைச் சுமையா?” எனப் பரிந்து பேசுவோர் நம் வகுப்பறைகளிலும் உளர். சபை சிறிதெனின் கணக்கும் சிறிதே. எடுத்துக் காட்ட எத்துணை நேரஞ் செல்லும்?

முதியவர் வெறுங்கையுடன் திரும்பினார். திருத்தியதாகக் கூறப்படும் அவ்வொழுங்கையில் மாரிக்கு முழங்கால் வெள்ளம்.