கல்லூரியிலே சட்டம் ஏன் இல்லை?

நம் பிள்ளை கல்லூரியின் உயர்தர வகுப்பிலே புவியியல் கற்கிறான், அளவையியல் கற்கிறான். தான் பிறந்த வளவு தன் குடும்பத்துக்கு எவ்வாறு உரித்தாயிற்று என்பதை மட்டும் கற்கிறானல்லன். பல்கலைக்கழகத்திலே சட்டம் பயிலும் வாய்ப்புப் பெறுவோர் மிகச் சிலர். ஏனையோர்க்கு அக்கதவு என்றுமே திறப்பதில்லை. இது முறையா?

இங்கிலாந்திலே பல்கலைக்கழகம் புகுமுன்னரே, உயர்தரப் பரீட்சைக்குச் சட்டத்தை ஒரு பாடமாக மாணவர் எடுக்கின்றனர். கொழும்பிலே பணங்கொடுத்து, லண்டன் பரீட்சைக்கு ஆங்கிலத்திற் படிக்கும் பிள்ளையும் அதனை எடுக்கலாம். கோப்பாயிலும் கிளிநொச்சியிலும் தமிழிற் படிக்கும் உழவன் மகனுக்கோ அப்பாடமே இல்லை!

இவ்வறியாமையின் விலை என்ன? 2025 மார்ச் 28இல் வந்த வர்த்தமானியைப் பாருங்கள். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ், வடமாகாணத்திலே 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு மூன்று மாதத்துள் உரிமை கோருமாறு அது பணித்தது. கோராதவை அரச காணியாகும் என்றது. போரிலே உறுதியைப் பறிகொடுத்தோரும் கடல் கடந்தோரும் நிறைந்த மண்ணிலே அதனை வாசித்தறிந்தோர் எத்தனை பேர்? ஜூன் மாதத்திலே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு சட்டத்தரணி ஓடிவந்து காப்பார் என்று வாளாவிருப்பதா?

கற்பிக்க வேண்டியவை கடினமானவையல்ல. நொத்தாரிசும் இரு சாட்சிகளும் இன்றிக் காணி கைமாறாது என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம். பிறன் ஒருவன் பத்தாண்டு தடையின்றி உரிமைபாராட்டி ஆண்டால் உறுதியும் பயனற்றுப்போகலாம் என்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம். விற்கும் காணியை முதலில் வாங்கப் பங்காளிக்குத் தேசவழமை தரும் உரிமை 1947ஆம் ஆண்டின் சட்டத்திலே உண்டு. பதினேழு வயது மாணவனுக்கு இவை விளங்காவா?

“சட்டபீடம் புகுவதற்குக் கல்லூரியிலே சட்டம் படித்திருக்க வேண்டியதில்லையே, அங்கே அடிப்படையிலிருந்து கற்பிப்பார்களே” என்பர் சிலர். மெய்தான். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களும் அதனைக் கேட்பதில்லை. ஆனால் நாம் கோருவது சட்டத்தரணிகளைப் பெருக்குவதற்கன்று. தன் உரிமையைத் தானே அறிந்து காக்கும் குடிமக்களை ஆக்குவதற்கே! மருத்துவராகாத பிள்ளையும் உடல்நலம் கற்கவில்லையா?

ஆதலின், உயர்தர வகுப்பிலே சட்டத்தைத் தமிழ்மொழியில் ஒரு பாடமாக்கும்படி கல்வி அமைச்சை வற்புறுத்துவோம். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். சட்டத்தரணிகளே, சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரத்தை உங்கள் ஊர்க் கல்லூரிக்குக் கொடுங்கள். உழவர் பெருமக்களே, பெட்டியிலே பூட்டிய உறுதியை எடுத்துப் பிள்ளையின் கையிலே கொடுங்கள், வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத உறுதி வேலியில்லாத காணியாகும்!