உலைக்கும் மூச்சு உண்டு

காக்கைதீவுப் பக்கமிருந்து கடற்காற்று வீசத் தொடங்கும் மாலை வேளைகளில், மட்டக்குளி ஒழுங்கைகளில் உள்ளோர் கதவுகளைத் திறந்துவிட்டு வாசலில் வந்து அமர்வது வழக்கம். அத்தகைய தை மாத மாலை ஒன்றில், முன்னர் நம்மிடம் இரசாயனம் பயின்ற மாணவன் ஒருவன் கனடாவிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். நமக்கு அப்பொழுது மணி 5.30, ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் அவனுக்குக் காலை 7 மணி. வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகை என்றான். குரலில் சோர்வு தெரிந்தது.

“சேர், காலையிலே எழும்பினால் தலை பிளந்துவிடும் போல வலிக்கிறது. வயிற்றைப் புரட்டுகிறது. அம்மாவிடம் சொன்னேன், பனியிலே திரிந்திருப்பாய், சித்தாலேபையைப் பூசிக்கொண்டு படு என்கிறா.”

அவனுடைய தாயார் நமது ஒழுங்கையிலேயே வசிப்பவர். தமது சகோதர முறையான ஒருவரின் வீட்டு நிலவறையில் மகனுக்கு இடம் ஒழுங்கு செய்து அனுப்பியவரும் அவரே. அங்கே நம்மவர் வீடுகள் பலவற்றில் மேல்தளத்தில் குடும்பமும், நிலவறையில் வாடகைக்கு இருக்கும் மாணவர்களும் வாழ்வது சர்வசாதாரணம். அந்த நிலவறையின் ஒரு மூலையில்தான் வீடு முழுவதையும் சூடாக்கும் உலையும் நிற்கும். ‘பேர்னஸ்’ என்று அங்குள்ளோர் வழங்குவது இதையே.

காய்ச்சல் உண்டா என்று கேட்டோம். இல்லை. கல்லூரிக்குப் போன பின்பும் வலிக்கிறதா? இல்லை, பஸ்சிலே ஏறி அரை மணி நேரத்தில் குறைந்துவிடுகிறது. அடுத்த அறையில் இருக்கும் மற்ற மாணவனுக்கு எப்படி? அவனுக்கும் இரண்டு நாளாகத் தலைவலி. இம்மூன்று பதில்களையும் கேட்டதும் நாம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டோம்.

இவ்விடத்தில் கதையைச் சற்று நிறுத்தி, விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எரியும் மெழுகுவர்த்தியின் மேல் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணைந்துவிடும் என்பதை வாசகர்கள் யாவரும் பள்ளியில் கண்டிருப்பார்கள். காற்றிலே ஐந்தில் ஒரு பங்கான ஒட்சிசன் இல்லையேல் தீ இல்லை. கனடா வீடுகளுக்குக் குழாய் வழியே வரும் இயற்கை வாயு பெரும்பாலும் மெதேன் ஆகும். ஒரு கன அடி மெதேன் முற்றாக எரிவதற்கு இரண்டு கன அடி ஒட்சிசன், அதாவது ஏறத்தாழ பத்துக் கன அடி காற்று வேண்டும். நடுத்தரமான உலையொன்று இடைவிடாது எரியுமாயின் மணிக்கு 80 கன அடி வாயுவை உட்கொள்ளும். ஆகவே 800 கன அடி காற்றையும் உட்கொள்ளும். பத்தடி நீளமும் பத்தடி அகலமும் எட்டடி உயரமும் உள்ள ஓர் அறையின் காற்று அத்தனையும் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறது என்பது இதன் பொருள்.

இந்தக் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். முன்பு கட்டிய வீடுகளில் கதவிடுக்கு, யன்னலிடுக்கு ஆகியவற்றால் கசிந்து வந்த காற்றே போதுமானதாய் இருந்தது. பின்னர், குளிரையும் செலவையும் குறைக்கவேண்டி இடுக்குகளை எல்லாம் அடைக்கத் தொடங்கினார்கள். அதனால், வெளிக்காற்றை உலையின் அருகே கொண்டுவந்து விடுவதற்கென்றே சுவரைத் துளைத்துக் குழாய் ஒன்று வைக்கும் வழக்கமும் உண்டாயிற்று. புகையை மேலே கொண்டுசெல்லும் குழாய் வேறு, இது வேறு. ஒன்று உள்மூச்சு, மற்றது வெளிமூச்சு எனலாம்.

இவ்விரண்டில் எது அடைபட்டாலும் ஆபத்தே. போதிய ஒட்சிசன் கிடையாத தீ உடனே அணைந்துவிடுமாயின் நல்லது, அப்படி அணைவதில்லை. அரைகுறையாக எரியும். அப்பொழுது, காபனீரொட்சைட்டுக்குப் பதிலாகக் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு பெருகும். இதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் வீட்டுச் சிலிண்டரில் வாயு கசிந்தால் மூக்கைத் துளைக்கும் நாற்றம் வருகிறதல்லவா? அது எச்சரிக்கைக்கென்றே கலந்த பொருளின் நாற்றம். அந்தப் பொருளும் தீயில் எரிந்துவிடுவதால், எரிந்த பின் பிறக்கும் நஞ்சுக்கு அத்தகைய அடையாளம் கிடையாது. மூக்கை நம்பிப் பழகிய நாம் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறோம்.

நம் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமந்து செல்லும் ஈமோகுளோபின், அந்த ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் காபனோரொட்சைட்டைப் பிடித்துக்கொள்ளும். சுமைகாரன் வேறு சரக்கை ஏற்றிக்கொண்டு விட்டால், மூளைக்கும் இருதயத்துக்கும் போகவேண்டியது போகாது. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கும், காய்ச்சல் இராது. உறங்குபவர் உறக்கத்திலேயே மாண்டுபோவதும் உண்டு. ஜோன் ஸ்கொட் ஹல்டேன் என்னும் விஞ்ஞானி, சுரங்கத் தொழிலாளரோடு சிறு பிராணிகளையும் கீழே கொண்டுசெல்லுமாறு 1890களில் யோசனை கூறினார். விரைவாக மூச்சுவிடும் சிறு பறவை மனிதனுக்கு முன்பே சோர்ந்து விழும். பிரித்தானியச் சுரங்கங்களில் கனேரிப் பறவைகள் 1986ஆம் ஆண்டு வரை இந்தப் பரிதாபமான உத்தியோகத்தைப் பார்த்துவந்தன.

இனி மாணவனிடம் திரும்புவோம். “மற்றப் பிள்ளையையும் எழுப்பு, மேலே இருப்பவர்களையும் எழுப்பு, எல்லாரும் வீட்டை விட்டு வெளியேறுங்கள். வெளியே நின்றுகொண்டு தீயணைப்புப் படையினரை அழை” என்றோம். அவன் தயங்கினான். “மாமா கோபிப்பார், சேர். அம்மாவுக்கும் அவருக்கும் மனஸ்தாபம் வந்துவிடும்” என்றான். வாடகையிலே சலுகை செய்த உறவினர். வீட்டு வாசலில் தீயணைப்பு வண்டி வந்து நின்றால் அயலவர் என்ன நினைப்பார்கள்? பெரியோருக்கு அடங்கி நடக்க வேண்டும் என்று பல்லாண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த நாமே, அன்று அவனை அதட்டினோம். மாமாவிடம் மன்னிப்புக் கேட்க நாளைக்கு நேரம் உண்டு என்றோம். அவன் போனான்.

அடுத்த ஒரு மணி நேரத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. தாயாரிடம் போய்ச் சொல்வதா, செய்தி வரும்வரை பொறுப்பதா என்று ஒழுங்கையில் இரண்டு தரம் நடந்து திரும்பினோம்.

பிறகு அவனே அழைத்தான். தீயணைப்புப் படையினர் கருவியோடு உள்ளே சென்று அளந்து, நிலவறையில் அந்த வாயு இருப்பதை உறுதி செய்து, உலையை நிறுத்திவிட்டார்கள். காரணம் மிகச் சிறியது. வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழாய் வழியே குளிர்காற்று ஊற்றுகிறது என்று, மாணவர்கள் மேலுள்ள இரக்கத்தினாலேயே, மாமா அதன் வாயைப் பழைய துணியால் இறுக அடைத்திருந்தார்! போதாக்குறைக்கு, மேல்தளத்துக் குசினியில் அடுப்புக்கு மேலுள்ள பெரிய விசிறி மாலை முழுவதும் ஓடியிருக்கிறது. பொங்கலை அடுத்த நாட்களாதலால் பலகாரம் பொரிக்கும் வேலை. அந்த விசிறி வீட்டுக் காற்றை இழுத்து வெளியே தள்ள, அதற்கு ஈடான காற்று உள்ளே வர வேறு வழியின்றிப் புகைக்கூட்டின் வழியாகவே இறங்கியிருக்கிறது. மேலே போகவேண்டிய புகை அதனோடு கீழே திரும்பிவிட்டது. புதிய வகை உலைகளில், உள்ளிழுக்கும் குழாயும் வெளிவிடும் குழாயும் வீட்டுக்கு வெளியிலிருந்து மூடிய உலைக்கே நேரே செல்வதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால், அக்குழாய்கள் பக்கச்சுவரில் தாழ்வாக இருந்தால், பனி குவிந்து அடைத்துக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தகைய வாயுவைக் கண்டறிந்து கூவும் கருவி அந்த வீட்டில் மேல்தளத்தில் இருந்தது. மின்கலம் தீர்ந்து பல மாதங்களாம். ஒன்ராறியோ மாகாணத்தில் இந்தக் கருவி சட்டத்தினால் கட்டாயமானது வெறும் சம்பிரதாயத்துக்காக அன்று. 2008 டிசம்பரில் வூட்ஸ்ரொக் என்னும் ஊரில் தாய், தந்தை, இரு பிள்ளைகள் ஆகிய நால்வர், வாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டதால் தம் வீட்டிலேயே உயிரிழந்தனர். அவர்களது உறவினரின் விடாமுயற்சியின் பயனாக 2013இல் சட்டம் நிறைவேறி, 2014 அக்டோபர் முதல் உறங்கும் அறைகளின் அருகே கருவி பொருத்துவது கட்டாயமாயிற்று. மேற்படிப்புக்குப் புறப்படும் மாணவர்கள் குளிர்ச்சட்டை வாங்கும்போது கொள்ளும் அக்கறையை, அறையெடுக்கும் வீட்டில் இந்தக் கருவி வேலை செய்கிறதா என்று கேட்பதிலும் கொள்ளலாம்.

கொழும்பிலே உலை இல்லையே என்று சிலர் எண்ணக்கூடும். 2022இல் எரிவாயுவுக்குத் தவம் கிடந்த நாட்களை நாம் மறந்துவிட்டோமா? புகைக்கூடே இல்லாத தொடர்மாடிக் குசினிகளில் விறகும் சிரட்டைக் கரியும் எரிந்தன. மழைக்கு யன்னலைச் சாத்திக்கொண்டு கரியடுப்பில் சோறு சமைத்த நமது அயல்வீட்டு அம்மையார் ஒருவர் தலைசுற்றி விழுந்தார். பசி மயக்கம் என்று நாமெல்லாம் தேநீர் கொடுத்தோம். எரிதலைப் பற்றி இருபது வருடம் பாடம் நடத்திய நமக்கு அன்று அது தோன்றவில்லை. தம்ளருக்குள் அணைந்த சுடரைக் காட்டினோமே தவிர, அந்தத் தம்ளருக்குள் நாமும் இருக்கக்கூடும் என்று எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

மாமா இப்பொழுது கோபமாய் இல்லை. உலையைப் பழுதுபார்ப்பித்து, தளத்துக்கு ஒன்றாகக் கருவியும் வாங்கி வைத்துவிட்டாராம். மாணவனின் தாயார் மறுநாள் காலை நம் வீட்டுக்கு வந்து, அந்தக் கருவி இங்கே கடைகளில் கிடைக்குமா என்று விசாரித்தார். அவருடைய குசினியைப் போய்ப் பார்த்தோம். நுளம்புக்குப் பயந்து, யன்னலுக்கு மேலுள்ள காற்றுத் துவாரங்களை எல்லாம் காகித அட்டையால் அடைத்து ஒட்டியிருந்தார். ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நாமே ஏறி அட்டைகளைக் கிழித்தோம். ஞாயிற்றுக்கிழமை நுளம்புவலை அடிப்பதாக ஏற்பாடு.