தரங்கம்பாடியில் ஒரு வாடகை வீடு

தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் எல்லோரும் தவறாமல் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. "என்னா அமைதி சார்!" 1792-இல் கட்டிய நகர வாயிலைத் தாண்டி ராஜ வீதிக்குள் கார் நுழைந்ததுமே சொல்லிவிடுவார்கள். சீயோன் தேவாலயம், புதிய எருசலேம் தேவாலயம், ஆளுநர் மாளிகை, கடைசியில் டேனிஷ் கோட்டை. எல்லாவற்றையும் இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிட்டு, கோட்டைச் சுவரோரம் நின்று படம் எடுத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் திருக்கடையூருக்கோ காரைக்காலுக்கோ போய்விடுவார்கள். தை கழிந்து போய் ஐப்பசி மழை பிடிக்கும்வரை அங்கே வாடகைக்குக் குடியிருந்தவன் நான். அந்த அமைதியைப் பற்றி எனக்குச் சில சந்தேகங்கள் உண்டு.

வீடு, வாயிலுக்கு உட்புறம் ஒரு சந்தில். ஓட்டுக்கூரை, முன்னால் திண்ணை, கொல்லையில் கிணறு. வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. அட்வான்ஸை எண்ணி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தபோது வாடகைத் தேதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மோட்டாரைப் பற்றித்தான் பேசினார்.

"தம்பி, காலைல பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம். அதுக்கு மேல ஓட விடாதீங்க. தண்ணி நல்லா வருதேன்னு தொட்டிய ரொப்பாதீங்க. ஒரு தடவ உப்பு ஏறிடுச்சுன்னா மழ வந்தாத்தான் இறங்கும்."

அந்தக் கிணற்றுத் தண்ணீர் அப்படியே குடிக்கலாம் போல இருக்கும். கடல் கூப்பிடு தூரத்தில். இது எப்படி என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். விஷயம் எளிது. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கிற உப்பு நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைந்தது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. மேலே ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால் கீழே உப்பு நாற்பது அடி ஏறிவிடும். சென்னைக் கடற்கரையோரம் போர் போட்டுப் போட்டே உப்புத் தண்ணீரை வரவழைத்துக்கொண்ட தெருக்களில் வாழ்ந்தவன் என்பதால், டீச்சரம்மாவின் பத்து நிமிடச் சட்டத்தை நான் மீறவே இல்லை.

கிணற்றில் உப்பு ஏறாவிட்டாலும் மற்ற எல்லாவற்றிலும் ஏறும். உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அது படிந்த இரும்பு காய்வதற்கே வழியில்லை. முதலில் போவது பூட்டு. பிறகு கதவுக் கீல், சைக்கிள் செயின், கால்சட்டையின் ஜிப், குடைக் கம்பி, ஃபேன் ரெகுலேட்டர். ஸ்டீல் பீரோவின் அடிக்கால் செதில் செதிலாக உதிரும். காய்ந்த துணியை எடுத்து மடித்தால் விரலில் ஒரு பிசுபிசுப்பு. உப்பு ஜாடியில் நாலு அரிசி போட்டு வைக்காவிட்டால் காலையில் கரண்டி இறங்காது. வாரம் ஒருமுறை தேங்காயெண்ணெய்த் துணியால் பூட்டையும் தாழ்ப்பாளையும் துடைப்பது அந்த ஊரில் பாத்திரம் கழுவுவதைப் போல ஒரு வீட்டு வேலை.

இந்தக் காற்றுக்குத்தான் 'ஓசோன் நிறைந்த காற்று' என்று ஊருக்கு ஒரு விளம்பரம். சுற்றுலாக் குறிப்புகள் எல்லாம் இதைச் சொல்கின்றன. கோட்டை வாசலில் வந்து நின்று நெஞ்சு விரிய மூச்சு இழுக்கிறவர்களை நான் தினமும் பார்த்திருக்கிறேன். கடற்கரை ஓசோன் என்பது 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் நம்பிக்கை. அங்கே டாக்டர்கள் நோயாளிகளைக் கடலோரத்துக்கு அனுப்பியது இந்தக் கணக்கில்தான். கடல் மணம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தக வாயு. கடல் நுண்ணுயிர்களின் உபயம். தரைமட்டத்தில் ஓசோன் உண்மையிலேயே அதிகமாக இருந்தால் நுரையீரல் கெட்டுப்போகும். காற்று நல்ல காற்றுதான். புகையில்லாத காற்று என்று சொன்னால் போதுமே, எதற்கு இல்லாத ஓசோன்?

அமைதிக்கு வருகிறேன். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு டென்மார்க்குக்காரர்கள் இங்கே கோட்டை கட்டியது தியானம் பண்ண அல்ல. மிளகுக்கும் துணிக்கும். கப்பல் வந்து நின்ற காலத்தில் இந்த ராஜ வீதியில் எத்தனை கூச்சல் இருந்திருக்கும்! 1845-இல் வங்காளத்து ஸ்ரீராம்பூரையும் தரங்கம்பாடியையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். 1861-இல் ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்தது. சரக்கு அந்தப் பக்கம் போயிற்று. சரக்கின் பின்னே ஆளும் போயிற்று. பெரிய வீடுகள் பூட்டிக் கிடந்தன. இன்று நாம் ரசிக்கிற அமைதி, வேலை போன ஒரு துறைமுகத்தின் அமைதி. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ஆனால் எது எதனால் வந்தது என்று தெரிந்துகொண்டு ரசிப்பது நல்லது.

மேலும், அது ஊரின் பாதிதான். மற்ற பாதி, கோட்டைக்கு வடக்கேயும் தெற்கேயும் உள்ள மீனவர் பாதி, ஒருநாளும் அமைதியாக இருந்ததில்லை. அவர்கள் வேலை செய்யும் நேரத்தில் நாம் தூங்குகிறோம், அவ்வளவுதான். பின்னிரவில் தரையிலிருந்து கடலை நோக்கிக் கரைக்காற்று வீசும்போதே ஃபைபர் போட்டுகளின் என்ஜின் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். பாய்மரக் காலத்தில் அந்தக் காற்றை நம்பித்தான் போயாக வேண்டும். இப்போது என்ஜின் இருக்கிறது, ஆனாலும் நேரம் பெரிதாக மாறவில்லை. விடிந்து வெயில் ஏறுமுன் முதல் போட்டுகள் கரைக்கு வரும். வலையிலிருந்து மீனைக் கழற்றுவதற்கே நாலு பேர் குந்த வேண்டும். ஏலம் முடிந்து, பெண்கள் மீனைக் கூறு போட்டு, அன்னக்கூடையில் அள்ளிக்கொண்டு பொறையாருக்கும் ஆக்கூருக்கும் வண்டி பிடிக்கும்போது சுற்றுலாக்காரர் இன்னும் பல் விளக்கியிருக்க மாட்டார்.

நான் வாடிக்கையாக வாங்கிய அக்காவுக்கு என் சமையல் அறிவின் மேல் சுத்தமாக மரியாதை கிடையாது. ஒருநாள் சின்னச் சுறா வைத்திருந்தார். முள் தொல்லை இல்லையே என்று கேட்டேன்.

"அது பால்சுறா. புள்ள பெத்தவளுக்குப் புட்டு செஞ்சு குடுக்கறது. ஒங்களுக்கு எதுக்கு? இந்தாங்க, கத்தாழை. செவுளத் தூக்கிப் பாருங்க தம்பி, ரத்தமா இருக்கு. ஐஸ் பாக்காத மீனு."

"போன தடவையும் இதத்தானே குடுத்தீங்கக்கா?"

"போன தடவ நல்லா இருந்துச்சா இல்லியா?"

இருந்தது. கத்தாழை பார்வைக்கு ஒன்றுமில்லை. மங்கின வெள்ளி நிறம், மழுங்கின மூக்கு. காற்றுப்பையைச் சுற்றியுள்ள தசையை அதிரவிட்டுத் தண்ணீருக்குள் கத்தும் மீன் வகை. புளியைக் குறைத்து, மாங்காய் போட்டு வைத்தால் குழம்பு தனியாகத் தெரியும். இதில் ஒரு பேரினத்துக்கு விலங்கியலில் ஜோனியஸ் என்று பெயர். பெர்லினில் இருந்த மார்கஸ் பிளாக் என்ற மீனியல் அறிஞர் 1793-இல் வைத்தது. 'ஜோனியஸ்' என்பது ஜான். தரங்கம்பாடி மிஷனில் பாதிரியாராக இருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், இந்தக் கரையில் கிடைத்த மீன்களை பெர்லினுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த நன்றிக்கு இந்தப் பெயர். தேவாலயத்தைப் பார்க்க வருகிறவர்களுக்குப் பாதிரிமார் கதையெல்லாம் சொல்லும் வழிகாட்டிகள், ஊர் மணலில் தினமும் கூறு போடப்படும் இந்த நினைவுச் சின்னத்தைக் காட்டி நான் பார்க்கவில்லை.

ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கதையும் அப்படித்தான். 1706 ஜூலையில் கரையிறங்கியது, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது, டேனிஷ் தளபதியோடு சண்டை வந்து நாலு மாதம் இதே கோட்டையில் அடைபட்டது, 36 வயதில் இறந்து தான் கட்டிய தேவாலயத்திலேயே புதைக்கப்பட்டது, எல்லாம் பலகையில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது வேறு. 1712 முதல் அவரும் கூட்டாளி குருண்ட்லரும் ஊர்த் தமிழர்களிடம் வழிபாடு, வழக்கம், மருத்துவம், குடும்பம் என்று கேள்விகளை அனுப்பி, அவர்கள் ஓலையில் எழுதிய பதில்களை ஜெர்மன் மொழியில் மாற்றி ஜெர்மனியில் உள்ள ஹாலேவுக்கு அனுப்பினார்கள். மதம் மாற்ற வந்தவரின் கேள்விகள்தான், உள்நோக்கம் இல்லாமல் இல்லை. சில பதில்களில் அவருக்கே சூடு போட்டிருக்கிறார்கள். ஆனாலும் வந்த இடத்தில் குந்தி, இங்கே எப்படி வாழ்கிறீர்கள் என்று இருக்கிறவனைக் கேட்டு எழுதி வாங்கினாரே, அதற்காக நான் அவரை மதிக்கிறேன்.

சித்திரையில் காலை பதினோரு மணிவாக்கில் கடல்காற்று எழும். திண்ணையில் பாயை விரித்தால் போதும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் ஓங்கி அடிக்கும் நாட்களில் அது பிற்பகல்வரை தள்ளிப்போகும். கடலைப் பார்த்துக்கொண்டே வேக வேண்டியதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் நிற்கும், சிறு போட்டுகள் மட்டும் போகும், மீன் விலை ஏறும். நின்ற படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், வலை பொத்துவார்கள், கல்யாணம் பேசுவார்கள்.

தடைக்கால டீக்கடையில் உட்கார்ந்தால் அமைதி என்ற வார்த்தையையே மறந்துவிடலாம். பேச்சு முழுக்கச் சுருக்குமடி வலை. மீன் கூட்டத்தை வளைத்து, அடியைச் சுருக்கி, குஞ்சு குளுவானோடு அள்ளும் வலை. தமிழக அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. பயன்படுத்தும் ஊர்களும் எதிர்க்கும் ஊர்களும் இந்தக் கரையில் அடுத்தடுத்து இருக்கின்றன. தரங்கம்பாடி எதிர்க்கும் பக்கம். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வாரத்தில் இரண்டு நாள், 12 கடல் மைலுக்கு அப்பால் என்று நிபந்தனையோடு இடைக்கால அனுமதி கொடுத்தது. "அப்பால போயி வளைக்கிறத எவன் போயி அளக்குறது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். கடையில் யாரிடமும் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

கடலோடு இவர்களுக்கு இருப்பது காதல் என்று எழுதுகிறவர்களிடம் எனக்குக் கோபம் வரும். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. மிச்சத்தைக் காக்கக் கல் கொட்டியிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 என்ன செய்தது என்பதை இங்கே யாரும் தானாக எடுத்துப் பேசுவதில்லை. சுனாமிக்குப் பிறகு கரையிலிருந்து தள்ளிப் புது வீடுகள் வந்தன. உயிருக்கு நல்லது, தொழிலுக்கு இடைஞ்சல். முன்பெல்லாம் வாசலில் நின்றே அலையையும் நீரோட்டத்தையும் பார்த்துவிடலாம். இப்போது அதற்கென்று நடந்து வர வேண்டும்.

அதனால்தான் அந்த மணலின் மேல் அவர்களுக்கு இத்தனை உரிமைப் பேச்சு. நமக்கு அது காலி மணல். அவர்களுக்கு அது பட்டறை, களம், கிட்டங்கி, சந்தை. வலை காய்வதும் பொத்துவதும் அங்கே, கருவாடு உலர்வது அங்கே, போட்டு ஏற்றுவது அங்கே. வார இறுதியில் கார்கள் நேராக மணலுக்குள் இறங்கும். ஒரு சனிக்கிழமை, விரித்துக் கிடந்த வலையின் மேல் ஒரு வண்டி ஏறி நின்றது. டயரில் சிக்கிய நைலானை ஓட்டுநர் கத்தியால் அறுத்து வீசினார். வலைக்காரர் ஓடி வந்து பார்த்து, கத்தாமல், அறுந்த இடத்தை முழம் போட்டு அளந்துகொண்டிருந்தார். வண்டியிலிருந்த அம்மா, "இவ்வளவு அழகான பீச்சுல இதையெல்லாம் ஏன் போட்டு வச்சிருக்காங்க?" என்றார். கடற்கரையை அழகுபடுத்த வரும் ஒவ்வொரு திட்டத்தின் அடியிலும் இதே கேள்விதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

தரங்கம்பாடிக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். போங்கள், கோட்டையையும் பாருங்கள். காரை நகர வாயில் பக்கமே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள், ஊர் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. வலை கிடந்தால் சுற்றிப் போங்கள். ஆளைப் படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். முடிந்தால் முந்தின இரவே வந்து தங்கி, வெயில் ஏறுமுன் கரைக்குப் போய், ஏலம் பார்த்துவிட்டு, ஒரு கூறு மீன் வாங்குங்கள். சில்லறையாகக் கொண்டுபோங்கள். காலையில் அங்கே ஐநூறுக்குச் சில்லறை கிடைக்காது.