படம் பேசுமா?

மருத்துவ மாணவன் எழுதுகிறான் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாளை உங்களுள் ஒருவர் அறுவை மேசையில் படுக்க நேரிடலாம். அப்பொழுது உங்கள் மூச்சு என்னைப் போன்ற ஒருவன் பொறுப்பில் இருக்கும்.

மயக்க மருத்துவப் பயிற்சிக்கு நான் வந்த புதிதில் ஓர் இரவு. இரண்டு ஊசிகளில் மருந்தை இழுத்து வைத்தேன். ஒன்று வாந்தியைத் தடுப்பது. மற்றொன்று தசைகளைத் தளர்த்துவது. இரண்டும் தண்ணீர் போலவே இருந்தன. களைப்பில் பெயர்ச் சீட்டு ஒட்டவில்லை. நான் ஊசியை எடுத்ததும், அறுவைக்கூட உதவியாளர் இந்தியில் மெல்ல, "டாக்டர் சாகிப், இது அந்த மருந்தா?" என்றார். பார்த்தேன், நடுங்கிப்போனேன். அது உள்ளே சென்றிருந்தால், விழித்திருக்கும் நோயாளி மூச்சுவிடவும் முடியாமல், அலறவும் முடியாமல் கிடந்திருப்பார்.

இத்தகைய ஆபத்துகளை எண்ணெய், இரசாயனத் தொழில்களில் ஒரு படமாக வரைவர். கழுத்தில் கட்டும் 'பௌ டை' போலிருப்பதால் அதற்கும் அதே பெயர். நடு முடிச்சில் விபத்து, இடப்பக்கம் அதன் காரணங்கள், வலப்பக்கம் விளைவுகள். இடையில் தடுப்புச் சுவர்கள். என் கதையை வரைந்தால், முடிச்சில் 'தவறான ஊசி'. இடப்பக்கம் களைப்பும் ஒரே தோற்றமும். அவற்றைத் தடுப்பவை நிறச் சீட்டு, தனித் தட்டு, இருவர் படித்துச் சரிபார்த்தல். வலப்பக்கம் மூச்சடைப்பு, அதைத் தடுப்பவை கையெட்டும் தூரத்தில் பிராணவாயுவும் முகமூடியும். மயக்க மருத்துவத்திற்கும் இப்படம் வந்துவிட்டது. நூறு பக்க விதிநூல் சொல்லாததை ஒரே பார்வையில் காட்டுகிறது. வரவேற்கிறேன்.

ஆனால், படத்தை மாட்டிவிட்டால் போதுமா? போதாது என்பதே என் கட்சி. அன்று என்னைக் காத்தது எந்தச் சுவர்? ஓர் ஏழை உதவியாளரின் நாக்கு! "டாக்டரைத் திருத்த நான் யார் என்று தயங்கினேன்" என்று பின்னர் அவரே சொன்னார். அத்தயக்கம் இன்னும் ஒரு நொடி நீண்டிருந்தால்?

2005ல் இங்கிலாந்தில், சிறு அறுவைக்கு வந்த ஒரு பெண்மணிக்கு மயக்கத்தில் மூச்சுவழி அடைத்துக்கொண்டது. மருத்துவர்கள் குழாயைச் செலுத்தவே திரும்பத் திரும்ப முயன்றனர். தொண்டையில் துளையிடும் கருவியைச் செவிலியர் கொண்டுவந்தும் பயன்படவில்லை. அப்பெண்மணி இறந்தார். அங்கே கருவி இருந்தது, அறிவு இருந்தது. கீழிருப்பவர் சொல் மேலே ஏறவில்லை. விமான ஓட்டியான அவர் கணவர், இதே பாடத்தைப் பரப்ப 2007ல் ஓர் அமைப்பையே தொடங்கினார்.

உலகச் சுகாதார நிறுவனம் 2008ல் தந்த அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில், குழுவினர் அனைவரும் தத்தம் பெயரையும் பணியையும் சொல்லிக்கொள்வதும் ஓர் அங்கம். தில்லி உட்பட எட்டு நகரங்களில் அப்பட்டியலைச் சோதித்தனர். 2009ல் வந்த முடிவின்படி, இறப்பு நூற்றுக்கு 1.5லிருந்து 0.8ஆகக் குறைந்தது. பெயர் சொல்லிப் பழகியவன் வாய் திறக்க அஞ்சுவதில்லை என்பது என் எண்ணம்.

ஆகவே நான் கேட்பது இரண்டே. படத்தை மருத்துவர் மட்டும் வரையலாகாது. செவிலியரும் உதவியாளரும் உடனிருந்து, அவர்களுக்குப் புரியும் மொழியில் வரைய வேண்டும். ஒவ்வொரு சுவருக்கும் பக்கத்தில் அதைக் காப்பவர் யார் என்று எழுத வேண்டும்.

படம் பேசாது, நண்பர்களே! அதைப் பார்ப்பவர் பேச வேண்டும். அவர் பேசினால் சினவாமல் கேட்கும் செவி நமக்கு வேண்டும்.