யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாரைச் சேர்க்க வேண்டும்? வேலூர் ஆய்வும் ஆலங்காயமும்

2021 மே மாதத்தை நம் குடும்பங்கள் மறந்திருக்காது. மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன, உள்ளே படுக்கை இல்லை. அந்தத் தட்டுப்பாட்டுக்குள் இன்னொரு சிக்கலும் இருந்தது. மூச்சுத்திணறல் இல்லாமல் நடந்து வந்தவர்களில் யார் நான்கு நாளில் ஆக்சிஜனுக்குத் தவிப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

ஜவ்வாது மலைக் கிராமங்களிலிருந்து ஆலங்காயத்துக்கு இறங்கி வருபவருக்கு இந்தக் கேள்வி இன்னும் கடினமானது. பெரிய மருத்துவமனைக்கு வேலூர் வரை போக வேண்டும். தேவையில்லாமல் அனுப்பினால் கூலியும் வாடகை வண்டிக் காசும் போகும். அனுப்பாமல் விட்டு, இரவில் முற்றினால் உயிரே போகும்.

இதற்கு விடை தேடிய ஆய்வு ஒன்று நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. வேலூர் சி.எம்.சி.யிலும் பாட்னா எய்ம்ஸிலும் மிதமான கொரோனா அறிகுறிகளோடு வந்த 426 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். முடிவுகள் 2022இல் வெளியாயின. சேர்ந்தபோது ஆக்சிஜன் அளவு குறையாமல் இருந்தவர்களே அவர்கள். அவர்களில் 89 பேருக்கு, அதாவது ஐந்தில் ஒருவருக்கு, பின்னர் நோய் முற்றியது. மீதி நால்வர் வீட்டிலேயே தேறியிருக்கலாம்.

அந்த ஒருவரைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் வயது, ஆணா பெண்ணா, ஆக்சிஜன் அளவு ஆகிய மூன்றோடு ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையைச் சேர்த்துக் கணக்கிட்டனர். ஏழு பரிசோதனைகளில் மூன்று நன்றாகத் தேறின. இரண்டு சாதாரண லேபில் கிடைக்காதவை. மூன்றாவது, நியூட்ரோபில், லிம்ஃபோசைட் என்ற இரு வெள்ளை அணுக்களின் விகிதம். வழக்கமான ரத்த அணுப் பரிசோதனைச் சீட்டிலேயே அந்த எண்கள் இருக்கின்றன, வகுத்துப் பார்த்தால் போதும். நமக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

துல்லியம்? முற்றியவர் ஒருவரையும் முற்றாதவர் ஒருவரையும் எடுத்தால், நூற்றுக்கு 72 முதல் 74 முறை சரியாக இனம் கண்டது. மருத்துவருக்குத் துணையாகலாம், அவருக்குப் பதிலாகாது. மேலும் இது தடுப்பூசி பரவலாகாத காலத்துக் கணக்கு, பெரிய மருத்துவமனைகளுக்கு வந்தவர்களை வைத்துப் போட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் அப்படியே நம்பிவிட முடியாது. அங்கே தனியாகச் சோதிக்க வேண்டும், அதை அரசுதான் செய்ய முடியும்.

இன்று மழைக்காலம்தோறும் நம்மைப் பயமுறுத்துவது டெங்கு. அதன் கணக்கு வேறு. காய்ச்சல் விட்டதும் "ஆபத்து நீங்கியது" என்று நிம்மதியடைகிறோம். டெங்குவில் பெரும்பாலும் அப்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் தணியும். அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் சரிகிறது. கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசாதாரணச் சோர்வு அல்லது அமைதியின்மை: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டல் அதை எச்சரிக்கை அறிகுறியாகக் கொள்கிறது. நிலவேம்புக் குடிநீரைக் காய்ச்சிக்கொண்டு காத்திருக்கும் நேரமல்ல அது.

நம் வீடுகளில் "பிளேட்லெட் எவ்வளவு?" என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. பிளேட்லெட் வேகமாக இறங்கும்போது ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறுகிறதா என்பதையும் கேட்க வேண்டும். அந்த எண்ணும் அதே பரிசோதனைச் சீட்டில்தான் இருக்கிறது. ஒரு நாள் சீட்டு போதாது, முந்தைய நாள் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கொரோனாவில் வாங்கிய ஆக்சிஜன் அளவிகள் பல மஹல்லாக்களில் அலமாரியில் கிடக்கும். பேட்டரி மாற்றி வைத்தால் மூச்சுத்திணறலோடு வரும் காய்ச்சல்களுக்கு உதவும், டெங்குவுக்கு அது போதாது. கரிய மருதாணியோ நகப்பூச்சோ உள்ள விரலில் அளவு தவறலாம், வேறு விரலில் வைத்துப் பாருங்கள்.