ஆபரேஷனுக்குப் பிறகு குவாட்டர் 180 மில்லி அல்ல

டாஸ்மாக்கில் குவாட்டர் என்றால் 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். பெருக்கிப் பார்த்தால் அதற்குள் இருக்கும் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். பட்டைக் கிராமிலும் ஜரிகையை மார்க்கிலும் நிறுத்துத் தறிக்காரர்களுக்குக் கொடுத்துக் கணக்கு எழுதுகிற வீடு எங்களுடையது. அளவு என்று வந்துவிட்டால் நான் லேசில் விடமாட்டேன். உடல் எடையைக் குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு அந்தக் குவாட்டர் பழைய குவாட்டராக வேலை செய்வதில்லை. இதை அவருக்கும் அவர் வீட்டாருக்கும் தமிழில், அவர் குடிக்கிற அளவை வைத்தே எடுத்துச் சொல்ல வேண்டியது ஆபரேஷன் செய்கிற ஆஸ்பத்திரியின் பொறுப்பு. சொல்லிவிட்டு மறந்துவிடாமல், வருஷக்கணக்கில் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதும் அவர்கள் பொறுப்புதான்.

என் வீட்டுக்காரர் விஷயம் இது. அவர் படித்துப் பார்த்து "அனுப்பும்மா" என்று சொன்ன பிறகுதான் அனுப்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அது அவருக்கு உயிர் கொடுத்தது. அப்போது அவர் எடை 128 கிலோ. இருபது வருஷச் சர்க்கரை, மூட்டு வலி, ராத்திரியில் குறட்டை நின்று மூச்சும் நின்றுவிடுமோ என்று நான் விழித்திருந்த இரவுகள். 2019ல் அத்திவரதர் 48 நாள் எழுந்தருளியிருந்தபோது ஊரே, உலகமே எங்கள் சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்தது. டி.கே. நம்பி தெருவில் நிற்க இடமில்லை. பக்கத்திலேயே இருக்கிற இவரால் வரிசையில் நிற்க முடியவில்லை. வரதராஜப் பெருமாள் மூலவர் அத்திகிரி மேலே இருக்கிறார். 24 படி ஏற வேண்டும். ஏழாவது படியில் உட்கார்ந்துவிடுவார். சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்தோம். அரை வருஷம் கழித்து அந்த 24 படியையும் கைப்பிடி பிடிக்காமல் ஏறினார். பிரசாதமாக வாங்கிய கோவில் இட்லியில், மந்தாரை இலை வாசனையோடு, ஒரு விரல் அகலத் துண்டுதான் அவரால் சாப்பிட முடிந்தது. முன்பெல்லாம் பெரிய துண்டு இரண்டு போகும்.

சாப்பாடு ஏன் குறைந்ததோ, அதே காரணத்தால்தான் மது ஏறுகிறது. பைபாஸில் இரைப்பையின் மேல்பாகத்தில் ஏறக்குறைய 30 மில்லி பிடிக்கிற சின்னப் பையை மட்டும் விட்டு, மீதியைப் பிரித்துவிடுகிறார்கள். அந்தப் பையைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். ஸ்லீவ் என்கிற இன்னொரு முறையில் இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். முழு இரைப்பை இருக்கிறவர்களுக்கு மது அங்கே கொஞ்ச நேரம் தங்கும், சோற்றோடு கலக்கும், ஒரு பங்கு அங்கேயே உடைந்தும் போகும். மீதிதான் மெல்ல மெல்லச் சிறுகுடலுக்கு இறங்கி ரத்தத்தில் சேரும். பைபாஸ் செய்துகொண்டவருக்கு நடுவில் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. குடித்தது நேராகக் குடலில் விழுந்து சில நிமிஷங்களில் ரத்தத்துக்குப் போய்விடுகிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், பைபாஸ் செய்துகொண்ட பெண்களுக்கு அளந்து மது கொடுத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். 2015ல் முடிவு வெளிவந்தது. இவர்கள் இரண்டு கிளாஸ் குடித்தால், ஆபரேஷன் இல்லாத பெண் நான்கு கிளாஸ் குடித்ததற்குச் சமம்.

அப்படியானால் குவாட்டர் ஆஃப் ஆகிவிடுகிறது. கட்டிங் குவாட்டர் ஆகிவிடுகிறது. இந்த ஒரே வரியை யாராவது எங்களிடம் சொல்லியிருந்தால் போதும்.

எங்களுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளை இன்னும் கணக்கு நோட்டில் வைத்திருக்கிறேன். நான்கு பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். சோடா, கூல்டிரிங்க்ஸ் கூடாது என்பதற்கும் காரம் குறைக்கவும் என்பதற்கும் நடுவில், மது தவிர்க்கவும் என்று இரண்டே சொல். புரோட்டீன் பவுடருக்குத் தனிப் பக்கம். எந்தப் பிராண்டு, எத்தனை ஸ்பூன், எந்த வேளை என்று கட்டம் போட்டிருக்கிறார்கள். டயட்டீஷியன் பொண்ணு பாவம், நல்ல பொண்ணு. 30 மில்லி பிளாஸ்டிக் கப் ஒன்றைக் கையில் கொடுத்து, மோரும் ரசமும் இதில் ஊற்றி வாய் வாயாகக் குடிக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு ஸ்மால் பெக் என்பதும் அதே 30 மில்லிதான் என்பது அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் கேட்காமல் இல்லை. "குடிப்பழக்கம் உண்டா?" என்றார். ஒரு பக்கம் நான், மறுபக்கம் கல்லூரி படிக்கிற மகன். "எப்பவாவது சார்" என்றார் இவர். வேறு எந்த ஆம்பளை என்ன சொல்வான்? இவர் பொய் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு நாள், ரெண்டு நாள் என்பது எங்கள் ஊரில் எப்பவாவது கணக்கில்தான் வரும். ஆனால் அந்த எப்பவாவதுக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு, யாரோடு, தனியாகவா என்றெல்லாம் கேட்டால்தானே தெரியும். உலக சுகாதார நிறுவனம் பத்தே கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை எப்போதோ தயாரித்து வைத்திருக்கிறது. நோயாளியைத் தனியே உட்காரவைத்து, மில்லி கணக்கில் இல்லாமல் கட்டிங், குவாட்டர், பீர் என்று கேட்டால் பத்து நிமிஷ வேலை.

மது இப்படி ஏறும் என்பது எங்களுக்குத் தெரியவந்தது ஆபரேஷன் ஆன இரண்டாவது வருஷம். நாத்தனார் மகன் கல்யாணம், மறுநாள் கறி விருந்து. மொட்டை மாடியில் ஆம்பளைகள் கூட்டம். இவர் முப்பத்தெட்டு கிலோ இளைத்திருந்தார். புதுச் சட்டை, பழைய கல்யாண போட்டோவில் இருக்கிற முகம். எல்லோருக்கும் சந்தோஷம். என் தம்பியே சொன்னானாம், "மாமா, ஹீரோ மாதிரி ஆயிட்டீங்க, ஒரு கட்டிங் போடுங்க." பழைய நாளில் முழுக் குவாட்டர் குடித்துவிட்டு வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, எனக்கே தெரியாமல் படுத்துத் தூங்குகிறவர். அன்றைக்குக் கால் மணி நேரத்தில் நாக்கு குழறியது. சட்டை நனைய வியர்வை. கை நடுங்குகிறது. சர்க்கரை பார்க்கிற மெஷினில் 52. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். டியூட்டி டாக்டர் "எவ்வளவு குடிச்சாரு?" என்றார். "ஒரு கட்டிங்" என்றான் தம்பி. "ஒரு கட்டிங்குக்கா இப்படி? உண்மையைச் சொல்லுங்க" என்றார். வயிற்றில் ஆபரேஷன் ஆனதை நான் சொன்னதும்தான் அவர் முகம் மாறியது. மதுவை உடைப்பதில் கல்லீரல் மும்முரமாக இருக்கும்போது ரத்தத்துக்குச் சர்க்கரை விடுவதைக் குறைத்துவிடுமாம். சரியாகச் சாப்பிடாத வயிறு வேறு. டிரிப் ஏற்றினார்கள், பிழைத்தார்.

எனக்கு அப்போது உறைத்த இன்னொன்று, சைடிஷ். நம் ஊரில் குடிக்கிறவர்கள் வெறும் வயிற்றில் குடிப்பதில்லை. சுக்கா, முட்டை, சுண்டல், மிக்சர் என்று எதிரில் ஏதாவது இருக்கும், அது குடியின் வேகத்தைக் குறைக்கும். ஆபரேஷன் ஆனவரால் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட முடியாது. சுற்றி எல்லோரும் தட்டில் கை வைத்திருக்கும்போது இவர் கைக்கு வேலை கிளாஸ் ஒன்றுதான். சாப்பாடுதான் இவருக்குச் சிநேகிதம், ஆறுதல் எல்லாம். காலையில் காந்தி ரோட்டில் கடை திறக்கும் முன் நாலு பேரோடு டிபன், சாயங்காலம் பஜ்ஜி, வியாபாரம் படுத்தால் பிரியாணி. ஆபரேஷன் அத்தனையையும் ஒரே நாளில் எடுத்துக்கொண்டது. அந்த இடத்தில் எதை வைப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் பத்து ஆஸ்பத்திரிகளில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட ஏறக்குறைய 2,000 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2012ல் முடிவு வெளியிட்டார்கள். மதுவால் பாதிப்பு உள்ளவர்கள் ஆபரேஷனுக்கு முந்தைய வருஷம் 7.6 சதவீதம், முதல் வருஷத்தில் 7.3, இரண்டாவது வருஷத்தில் 9.6. முதல் வருஷம் பார்த்தால் ஒன்றுமே இல்லை போலத் தெரியும். அதே குழுவினர் 2017ல் வெளியிட்ட கணக்குப்படி, பைபாஸ் செய்துகொண்டவர்களில் ஐந்து வருஷத்துக்குள் ஐந்தில் ஒருவருக்கு அப்படிப்பட்ட அறிகுறிகள் வந்திருக்கின்றன. ஆம்பளைகள், இள வயதுக்காரர்கள், சிகரெட் பிடிக்கிறவர்கள், முன்பே தவறாமல் குடித்தவர்கள், கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் குறைவாக இருக்கிறவர்கள், இவர்களுக்கு ஆபத்து அதிகமாம். நம்மூர் ஆஸ்பத்திரிகளில் ஃபாலோஅப் எப்போது தேய்ந்து நிற்கிறது? எடை இறங்கி, முகம் மலர்ந்து, "இனி ஆறு மாசத்துக்கு ஒரு தரம் வந்தால் போதும்" என்று சொல்கிற ஒரு வருஷ முடிவில். ஆபத்து தலைதூக்குகிற நேரமும் அதுவே.

வீட்டில் இருக்கிற பெண்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். இந்த ஆபரேஷன் ஆனவர்களுக்கு வைட்டமின் பி1 குறையலாம். அடிக்கடி வாந்தி எடுப்பவருக்கும் குடிப்பவருக்கும் இன்னும் வேகமாகக் குறையும். கண் இரண்டிரண்டாகத் தெரிவது, கால் தள்ளாடுவது, பேச்சில் தடுமாற்றம், யாரென்று தெரியாமல் குழம்புவது, இதெல்லாம் அந்தக் குறைபாட்டின் அடையாளம். பார்க்கிறவர்களுக்குப் போதை மாதிரியே இருக்கும். "குடிச்சிட்டு ஆடறாரு, தெளிஞ்சா சரியாகும்" என்று விட்டுவிட்டால் மூளையில் நிரந்தரச் சேதம் ஆகலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், வயிற்றில் ஆபரேஷன் ஆனவர் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஊசி போட்டால் மீட்கக்கூடிய கட்டம் ஒன்று இருக்கிறது.

வண்டி விஷயமும் அப்படித்தான். சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்கக்கூடாது. ஆபரேஷன் ஆனவர் "கொஞ்சம்தான்" என்று நினைத்துச் சாவியை எடுக்கும்போதே அதைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

மதுவிலக்கைத் தளர்த்த மறுத்த அண்ணா பிறந்த ஊர் எங்களுடையது. 1971ல் அது தளர்ந்த பிறகு நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரியும். கடையை மூடச் சொல்லி எழுதுகிறவர்கள் எழுதட்டும், எனக்கும் அதில் சம்மதம்தான். ஆனால் கடை திறந்திருக்கிற இந்த ஊரில், இன்றைக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிறவருக்கு இன்றைக்கே பதில் வேண்டும். ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 27.5 இருந்தாலே இந்தச் சிகிச்சையை முன்வைக்கலாம் என்று 2022ல் உலக அளவிலான மருத்துவச் சங்கங்கள் வழிகாட்டுதல் மாற்றியிருக்கின்றன. இனி இளம் பிள்ளைகள் நிறையப் பேர் செய்துகொள்வார்கள்.

என் வீட்டுக்காரர் இப்போது குடிப்பதில்லை. சுலபமாக நிற்கவில்லை. மனநல மருத்துவரிடம் போனோம், நானும் கூடவே உட்கார்ந்தேன். என் தம்பி கறி விருந்துகளில் இவர் பக்கத்தில் மோர் கிளாஸோடு உட்காருகிறான், யாராவது ஊற்ற வந்தால் அவனே தடுக்கிறான். இப்படிப்பட்ட வீடுகளுக்கு உதவ ஆட்கள் இருக்கிறார்கள். 14416 என்ற அரசு எண்ணில் தமிழில் பேசலாம். 1980ல் தொடங்கிய அடையாறு டி.டி.கே. ஆஸ்பத்திரி குடிநோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்தே பார்க்கிறது. இந்த இரண்டையும் டிஸ்சார்ஜ் தாளில் அச்சடிக்க ஒரு வரி இடம் போதும்.

ஆபரேஷன் நடந்த தேதியில் ஒவ்வொரு வருஷமும் ஆஸ்பத்திரியிலிருந்து எங்களுக்கு வாழ்த்து எஸ்.எம்.எஸ். வருகிறது. நம்பர் அவர்களிடம் பத்திரமாக இருக்கிறது என்றுதானே அர்த்தம். அதே நம்பருக்கு ஐந்து வருஷத்துக்கு, மூன்று மாசத்துக்கு ஒரு தரம் ஒரு நர்ஸ் போன் செய்யட்டும். மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எடை என்ன என்று கேட்கட்டும். பிறகு, கடைசியாக எப்போது குடித்தீர்கள், குவாட்டரா கட்டிங்கா, கூட என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கட்டும். அவர் "எப்பவாவதுதான்" என்றால், "சரிங்கய்யா, வீட்டுல அம்மாகிட்ட கொஞ்சம் போனைக் கொடுங்க" என்று சொல்லட்டும்.