கிராமத்துப் பிள்ளைக்கு எதுக்கு சைக்காலஜி?

பிளஸ் டூ ரிசல்ட் வந்தா எங்க பக்கத்துல நாலு பேச்சுதான். பையன்னா இன்ஜினியரிங், இல்ல பாலிடெக்னிக். பொண்ணுன்னா நர்சிங், இல்லன்னா ஏதாவது ஒரு டிகிரி முடிச்சு பி.எட். இந்த வருஷம் என் தம்பி பொண்ணு அஞ்சாவதா ஒண்ணு சொல்லிட்டா. சைக்காலஜி படிக்கணுமாம்.

ஊர்ல சிரிச்சாங்க. "பைத்தியத்தைப் பாக்குற படிப்பு, அதைப் படிச்ச பொண்ணை எவன் கட்டுவான்"னு கேட்டாங்க. அவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. எங்க சனம் பார்த்த ஒரே மனநல டாக்டர் 2005-ல வந்த சந்திரமுகி படத்து ரஜினிதான். கவுன்சிலிங்னா இன்னிக்கும் இங்க அண்ணா யுனிவர்சிட்டியில சீட்டு எடுக்கிறதுன்னுதான் அர்த்தம்.

கோபம் வந்தது சென்னையில ஐ.டி. வேலையில இருக்கிற சொந்தக்காரர் போன்ல சொன்னதுக்கு. "மாமா, அதெல்லாம் வசதியான வீட்டு இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்க படிக்கிறது. நம்ம பிள்ளைக்கு உடனே சம்பளம் வர்ற படிப்பாப் பாருங்க." நல்ல மனுஷன், அக்கறையாத்தான் சொன்னார். இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப் பேருக்கும் அப்படித்தான் தோணும். அதனால பதிலை உங்களுக்கே எழுதறேன்.

மனசு கெட்டுப்போறது அடுக்குமாடி வீட்டுல மட்டும் நடக்குதா? எங்க கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர்ல. அதுக்கப்புறம் நாடே எங்களைத் திரும்பிப் பார்த்தது ரெண்டு தடவை. 2022 ஜூலையில சின்னசேலம் பக்கத்துல கனியாமூர்ல ஒரு பிளஸ் டூ மாணவி இறந்துபோய், அந்தப் பள்ளிக்கூடமே எரிஞ்சது. 2024 ஜூன்ல கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க. அப்ப அரசாங்கம் செத்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் அறிவிச்சது. அப்பா அம்மா ரெண்டு பேரையும் இழந்த பிள்ளைக்கு 18 வயசு வரைக்கும் மாசம் 5,000, பேங்க்ல 5 லட்சம் டெபாசிட், படிப்புச் செலவு. நல்ல காரியம், குறை சொல்லல. ஆனா ஒரே வாரத்துல அப்பனும் ஆத்தாளும் போன பிள்ளை, மூணு வருஷம் கழிச்சு ஒரு நாள் பள்ளிக்கூடத்துல யாரோடயும் பேசாம உக்காந்திருக்கும். அன்னிக்குப் பக்கத்துல உக்கார யார் இருக்கா? வாத்தியார் போர்ஷன் முடிக்கணும். பாட்டி நூறு நாள் வேலைக்குப் போகணும்.

சென்னையிலிருந்து ஆள் வரலாம். வந்தாலும் பேச்சு புரியணும். எங்க பொம்பளைங்க யாரும் "எனக்கு டிப்ரஷன்"னு சொல்லிட்டு வர மாட்டாங்க. "நெஞ்சு படபடங்குது, தல பாரமா இருக்கு, ராத்திரி கண்ணு மூட மாட்டேங்குது, எதுலயும் மனசு ஒட்டல"ன்னு சொல்வாங்க. ஆஸ்பத்திரியில சத்து மாத்திரை குடுப்பாங்க, காசு இருந்தா ஒரு குளுக்கோஸ் ஏத்திக்குவாங்க. அப்பவும் அடங்கலன்னா பூசாரிகிட்ட மந்திரிச்சுக் கயிறு கட்டுவாங்க. கல்வராயன் மலைக்கு மேல போனா இன்னும் கஷ்டம். வெளியாள் ஒருத்தன் பேன்ட் போட்டுக்கிட்டு வந்தாலே சாராய ரெய்டா, பாரஸ்ட்டான்னுதான் பார்ப்பாங்க. செம்மரம் வெட்டக் கூட்டிட்டுப் போன புருஷன் ஆந்திரா ஜெயில்ல கிடக்கான்னு ஒரு பொண்ணு அவன்கிட்ட மனசைத் திறந்து பேசுவாளா? 14416-க்குப் போன் பண்ணலாம்னு சொல்லுவீங்க. நல்ல நம்பர்தான், இலவசம்தான். ஆனா மலையில டவர் கிடைக்கிற பாறையைத் தேடி ஏறி, நாலு பேர் காதுல விழ எப்படி அழுறது?

2001 ஆகஸ்ட்ல ஏர்வாடியில சங்கிலியில கட்டிப் போட்டிருந்த மனநோயாளிங்க 28 பேர் கொட்டகை தீப்பிடிச்சு செத்தாங்களே, ஞாபகம் இருக்கா? அவங்களை அங்க விட்டுட்டு வந்த குடும்பங்க எல்லாம் கொடுமைக்காரங்க இல்ல. வேற எங்க கூட்டிப்போறதுன்னு சொல்ல ஊர்ல ஒரு ஆள் இல்ல, அவ்வளவுதான்.

உங்களுக்கு சைக்காலஜின்னா ஏசி ரூம், சோபா, மணிக்கு இத்தனை ஆயிரம். எனக்கு இது எப்படித் தெரியும்னா, சிநேகா அமைப்பைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவங்க கூட இருந்தவங்களும் காட்டுமன்னார்கோவில் பக்கத்துல செஞ்ச ஒரு வேலையை வெச்சுத்தான். ரெண்டு ஊர்ல விவசாயிங்க பூச்சிமருந்தை வீட்டுல வெக்காம, பொது இடத்துல பேங்க் லாக்கர் மாதிரி பெட்டியில பூட்டி வெச்சாங்க. வேணும்கிறப்ப எடுத்துக்கலாம், மிச்சத்தைத் திரும்ப வெக்கணும். பூச்சிமருந்தால நடக்கிற தற்கொலை அந்த ஊர்ல குறைஞ்சது. 2013-ல அதை ஆராய்ச்சியா வெளியிட்டாங்க. கோபமும் துக்கமும் ஒரு ராத்திரி தாண்டினா கொஞ்சம் இறங்கும், அந்த ராத்திரியில கைக்கெட்டுற தூரத்துல மருந்து இருக்கக் கூடாது. இது மனசைப் பத்தின அறிவு. ஆனா கரும்பும் மரவள்ளியும் போடுறவன் மருந்து டப்பாவை எங்க வெப்பான், சம்சாரம் எங்க ஒளிச்சு வெப்பான்னு தெரிஞ்ச பிள்ளைக்கு இந்த அறிவு கிடைச்சா எப்படி இருக்கும்!

அதுக்காக எல்லாரும் ஓடிப்போய்ச் சேருங்கன்னு சொல்லல. மூணு வருஷ பி.எஸ்ஸி.யை மட்டும் முடிச்சுட்டு போர்டு மாட்ட முடியாது. அப்படி மாட்டுறவங்க டவுன்ல இருக்காங்க, மூணு மாச சர்டிபிகேட் வெச்சுக்கிட்டே மாட்டுறவங்களும் இருக்காங்க. பி.எஸ்ஸி. 3 வருஷம், எம்.எஸ்ஸி. 2 வருஷம், அப்புறம் ஆஸ்பத்திரியில பழகிப் படிக்கிற எம்.பில். 2 வருஷம், இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக இதுவரைக்கும் இருந்த வழி இதுதான், ஏழு வருஷம். எங்க பொண்ணுக்கும் இதைத்தான் மொதல்ல சொன்னேன். அரசுக் காலேஜ்னா சென்னை மாநிலக் கல்லூரி, கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரி. மேல படிக்க சேலம் பெரியார் பல்கலைக்கழகம், சிதம்பரம் அண்ணாமலை. புதுமைப்பெண் 1,000 ரூபா டிகிரி முடியற வரைக்கும் கை கொடுக்கும், அதுக்கு மேல கிழங்குதான் கை கொடுக்கணும். மரவள்ளி விலை எப்படின்னு தனியா எழுதியிருக்கேன்.

இதுக்கு நடுவுல 2025-ல யு.ஜி.சி. தபால் வழியிலயும் ஆன்லைன்லயும் சைக்காலஜி நடத்தக் கூடாதுன்னு நிறுத்திடுச்சு. தபால்ல படிச்சு ஆள் மனசுல கைவைக்கக் கூடாதுங்கறது நியாயம்தான். ஆனா ஊரை விட்டு அனுப்ப மாட்டேன்னு சொல்ற வீட்டுப் பொண்ணுக்கு இருந்த ஒரு சந்தும் அடைஞ்சது. சந்தை அடைச்சவங்க, மலையடிவார அரசுக் காலேஜ்ல எல்லாம் இந்தப் பாடத்தைத் திறந்துட்டு அடைச்சிருக்கணும்.

அதே வருஷம் ஜூலையில சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு: 100 பிள்ளைங்களோ அதுக்கு மேலயோ படிக்கிற இடத்துல தகுதியான ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருத்தராவது இருக்கணும்னு. கல்வராயன் மலையில இருக்கிற உண்டு உறைவிடப் பள்ளிகளை நினைச்சுப் பாருங்க. அம்மா அப்பா கேரளாவுல வேலைக்குப் போயிருக்க, ஹாஸ்டல்லயே வளர்ற பிள்ளைங்க. அந்த வேலைக்கு வெள்ளிமலையில வந்து தங்க, நீங்க சொல்ற வசதியான வீட்டு இங்கிலீஷ் மீடியம் பிள்ளை தயாரா? மாவட்ட மனநலத் திட்டத்துல உளவியலாளர் வேலை இருக்கு, அதையும் பெரும்பாலும் ஒப்பந்தத்துல போட்டு இழுத்துக்கிட்டு இருக்காங்க. நிரந்தரமாப் போடுங்க, உள்ளூர்ப் பிள்ளைக்கு முன்னுரிமை குடுங்க. "படிச்சா வேலை உண்டா"ன்னு எங்களைக் கேக்குறதுக்கு முன்னாடி இதைக் கோட்டையில கேளுங்க, உங்க சத்தம் அங்க கேக்கும்.

பொண்ணு விண்ணப்பம் போட்டுட்டா. தமிழ் மீடியத்துல படிச்சவ, மொத வருஷம் இங்கிலீஷ் புத்தகத்தோட மல்லுக்கட்டணும். உங்க வீட்டுல யாராவது இந்தப் படிப்பு முடிச்சிருந்தா, பழைய புத்தகம், தமிழ்ல எழுதின நோட்டு எது இருந்தாலும் எடைக்குப் போடாதீங்க. சொல்லுங்க, பஸ் பார்சல் செலவு நான் குடுத்துடறேன்.